மழை நாளின் அரைப்பேர்

ஓப்பநாயக்க
12.03.2025

திருமதி றம்ஸியா புவாட் அவர்களுக்கு,

பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் ஒரே அறையில் இருந்தவளுக்கு இப்படி எழுத வேண்டி வரும் என்று நினைக்கவில்லை. நீ "தொழிற்பாடப் பொறுப்பாசிரியை அவர்களுக்கு" என்று எழுதினாய். நானும் மரியாதை தெரிந்தவள்தான்.

உங்கள் தொழிற்பயிற்சித் திட்டக் கந்தோரின் கடிதம் கிடைத்தது. சான்றிதழ் பெற்றதாக நாங்கள் அறிக்கை கொடுத்த பதினான்கு பேரில் பதினொரு பேருக்குத்தான் சான்றிதழ் இலக்கம் இருக்கிறதாம். மீதி மூன்று பேரின் பெயரை அனுப்ப வேண்டுமாம். அந்த மூன்று பேருக்குப் பெயர் இல்லை, றம்ஸியா. அவர்கள் மூன்று பேரே இல்லை, ஆறு பேர்.

நடந்தது உனக்குத் தெரியும். தெரியாதது போல் கேட்டிருப்பதால் திரும்பச் சொல்கிறேன். எங்கள் வயரிங் வகுப்பில் இருபது பிள்ளைகள். போன நவம்பரில் மதிப்பீட்டாளர் கபூர் சேர் இரண்டு நாள் பரீட்சைக்கு வந்தார். முதல் நாள் இருபது பேரும் வந்தார்கள், எல்லோரும் தேறினார்கள். இரண்டாம் நாள் மழையில் ரோடு உடைந்து, தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசன் பிள்ளைகள் ஆறு பேர் வரவில்லை. வந்த பதினான்கு பேரில் பதினொரு பேர் தேறினார்கள், மூன்று பேர் தேறாமல் விட்டுவிட்டார்கள். உங்கள் படிவத்தில் இருந்தது ஒரே ஒரு பெட்டி, "சான்றிதழ் பெற்றோர் தொகை". பாதிப் பரீட்சை தேறிய ஆறு பேரை நான் எங்கே போடுவது? தோட்டத்து வரவுப் புத்தகமான செக்ரோலில் நாள் கூலிக்குப் பேர் போடுகிற மாதிரி போட்டேன். ஆளுக்கு அரைப்பேர், ஆறு பேருக்கு மூன்று. பதினொன்றும் மூன்றும் பதினான்கு.

இதை என்னிடமே கேட்டிருக்கலாம். அதிபருக்கு ஏன் பிரதி போட்டாய்? அதிபர் சுதாகரன் சேர் ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் அதை வாசித்தார். "புள்ளைங்களுக்கு கரண்ட் படிச்சுக் குடுங்கன்னா, டீச்சர் நமக்கே ஷாக் குடுத்துட்டாங்க" என்று சொல்லிச் சிரிப்பு வேறு. நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

போனில் பேச வேண்டாம். போன தடவை மாதிரி நீ வைப்பாய், அல்லது நான் வைப்பேன்.

இப்படிக்கு,
பொறுப்பாசிரியை ஷாமிளா


இரத்தினபுரி
19.03.2025

ஷாமிளா,

நோன்பு பிடித்துக்கொண்டு கோபப்படக் கூடாது என்பார் உம்மா. அதனால் உன் கடிதத்தை மூன்று நாள் மேசையில் வைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அந்தக் கடிதம் அச்சடித்த படிவம். பெயர் குறைந்த எல்லாப் பாடசாலைக்கும் அதே வாசகம்தான் போனது. அதிபருக்குப் பிரதி போவது நடைமுறை. ஆனால் கீழே இருந்தது என் கையெழுத்து, அதை நான் மறுக்கவில்லை.

இப்போது என் பக்கத்தைக் கேள். உன் அறிக்கையைச் சரிபார்த்ததாகப் போட்ட சுருக்கொப்பமும் என்னுடையதுதான். கணக்காய்வுக்கு வந்தவர்கள் உன் பாடசாலையில் விரலை வைத்ததும் பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, தாளை என் பக்கம் திருப்பி, "மேக்க மொகக்த?" என்று சிங்களத்தில் கேட்டார். இது என்னவென்று. இப்போது உன் கடிதத்தைக் காட்டி அரைப்பேர் என்று சொல்லவா? எங்கள் வாப்பாவின் கடையில் இரண்டு அரைக் கிலோ சீனி சேர்ந்தால் ஒரு கிலோதான். சான்றிதழ் சீனி இல்லையே, ஷாமிளா. அரை வயரிங் செய்த வீட்டில் நீ குடியிருப்பாயா?

நூற்றுக்கு எழுபது பேர் தேறினால்தான் அடுத்த வருடமும் வகுப்புக்குப் பணம் என்பது உனக்கும் தெரியும். இருபதில் எழுபது வீதம் சரியாகப் பதினான்கு. உன் அரைப்பேர்கள் எப்படி அவ்வளவு கச்சிதமாக அந்த இடத்தில் வந்து நின்றன என்று பணிப்பாளர் கேட்டால் நான் என்ன சொல்வது? எனக்காவது சொல்.

பதினொன்று என்று திருத்தி அனுப்பு. அனுப்பினால் வகுப்பு நிற்கலாம், அந்த ஆறு பேரின் இரண்டாம் நாளும் இல்லாமல் போகலாம். தெரிந்துதான் சொல்கிறேன். அதை மாற்ற எனக்கு வழி தெரியவில்லை.

றம்ஸியா


ஓப்பநாயக்க
27.03.2025

றம்ஸியா,

நீ கடைக்காரர் மகள், உனக்கு அரை என்றால் சீனி. எனக்கு அரை என்றால் என் அம்மா. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது மழை பிடித்து வேலையை நிறுத்தினால், அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போடுவார்கள். சும்மா வீட்டில் இருந்தவளுக்கு ஒன்றும் இல்லை, மழையோடு திரும்பி வந்தவளுக்கு அரை. மழை பெய்தது கொழுந்துக்காரியின் குற்றமில்லை என்று தோட்டத்துத் துரைமாருக்கே விளங்கியிருக்கிறது. உங்கள் படிவத்துக்கு விளங்கவில்லை.

அந்த ஆறு பேரும் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. யோகப்பிரியாவை உனக்கு ஞாபகமிருக்கும், போன வருடக் கண்காட்சியில் இரண்டு ஸ்விட்ச் வைத்து ஒரு பல்ப் எரித்துக் காட்டினாளே, அவள்தான். டெஸ்டரைப் பொலிதீனில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆறு பேரையும் கூட்டி வந்து, ரோடு உடைந்த இடத்தில் நின்று எனக்குப் போன் எடுத்தாள். "டீச்சர், நாங்க ரோடு வரைக்கும் வந்துட்டோம். ரோட்டத்தான் காணோம். என்னா செய்யிறது?" என்று கேட்டாள். திரும்பிப் போகச் சொன்னது நான். பெல்மதுளையில் வயரிங் கொன்ட்ராக்ட் எடுக்கும் ஒருவர் அவளை வேலைக்கு எடுக்கத் தயாராக இருக்கிறார். சான்றிதழைக் கண்ணில் காட்டினால் போதும் என்கிறார். இப்போது அவள் அம்மா தங்கம்மாவோடு மலைக்குப் போகிறாள்.

பதினொன்று என்று எழுதச் சொல்கிறாய். எழுதினால் அந்த ஆறு பேரும் பரீட்சையில் விட்டவர்கள் ஆகிவிடுவார்கள். அடுத்த வருடம் வகுப்பே இருக்காது, அவர்கள் திரும்பி வந்து எழுதவும் இடமிருக்காது. உனக்கு அது ஒரு திருத்தம்.

சுதாகரன் சேர் ஒரு வழி சொல்கிறார். "மூணு பேர எழுதிருங்க டீச்சர். சான்றிதழ் தபால்ல வருதுன்னு போட்டுக்குவோம். அந்தப் புள்ளைங்க எப்படியும் பாஸ் பண்ணிருவாங்கதானே" என்கிறார். நான் எழுதியும் விட்டேன். ஆறில் எந்த மூன்று என்று ஒரு முழுப் பாடவேளை யோசித்தேன். யோகப்பிரியாவை எழுதிவிட்டு அவள் பக்கத்து வீட்டு அஜந்தனை எப்படி விடுவது? கடைசியில் வரவு இடாப்பில் முதலாவதாக வந்த மூன்று பெயரை எழுதினேன். அந்தத் தாள் இதற்குள் இருக்கிறது. நீ சரி என்றால் முத்திரை குத்தி அனுப்புகிறேன். சரி இல்லை என்றால் வேறு வழி என்னவென்று சொல். வழி தெரியாது என்று மட்டும் எழுதாதே.

ஷாமிளா


ருவான்வெல்லை
05.04.2025

ஷாமி,

பெருநாள் கழிந்த வார இறுதிக்கு வீட்டுக்கு வந்தேன், இங்கிருந்தே எழுதுகிறேன். உன் பட்டியலைக் கிழித்துவிட்டேன். வாசிக்காமல் கிழித்தேன் என்று சொல்ல ஆசைதான். வாசித்தேன். ஒரு மணித்தியாலம் கையில் வைத்துக்கொண்டும் இருந்தேன், ஏனென்றால் அது போனால் நானும் தப்பிவிடுவேன்.

உன்னிடம் ஒன்றை ஒளித்துவிட்டேன். நவம்பரில் அன்றைக்குப் பின்னேரமே நீ எனக்குப் போன் எடுத்து, "ஆறு பேரு போச்சுடி" என்று அழுதாய். ஆகவே ஜனவரியில் உன் அறிக்கையில் பதினான்கைக் கண்டபோதே அது பிழை என்று எனக்குத் தெரியும். ஷாமி எப்படியோ சமாளித்திருக்கிறாள் என்று நினைத்து ஒப்பம் வைத்தேன். கணக்காய்வு வந்ததும் பயந்துபோய், உன்னை முன்பின் தெரியாதவள் மாதிரி அந்தக் கடிதத்தை அனுப்பினேன். நீ கோபப்பட்டது சரி. அதிபருக்குப் பிரதி போகாமல் தடுக்க என்னால் முடிந்திருக்கும். தடுக்கவில்லை.

வியாழக்கிழமை பணிப்பாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று பார்த்தேன், ஏசவில்லை. திட்டத்தின் கைநூலை முழுதாக வாசித்திருக்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். மூன்று வருடமாக இந்த வேலை செய்கிறேன், சிங்களத்தில் இருக்கும் அந்தத் தடித்த புத்தகத்தில் அட்டவணைகளை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அன்று முழுவதையும் வாசித்தேன்.

உட்கார்ந்துகொண்டு வாசி, ஷாமி. இயற்கை அனர்த்தத்தால் பரீட்சை பாதியில் நின்றால், ஒன்பது மாதத்துக்குள் மீதியை நடத்தலாம். அதற்கான செலவும் திட்டத்தினுடையது. அதுவரை அந்தப் பிள்ளைகளைத் தேறியவர்களிலும் சேர்க்கக் கூடாது, எழுதியவர்களிலும் சேர்க்கக் கூடாது. அப்படியென்றால் உன் கணக்கு இருபதில் பதினொன்று இல்லை, பதினான்கில் பதினொன்று. எழுபத்தெட்டு வீதம். ஜனவரியில் நீ உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தால், நான் உள்ளதைக் கேட்டிருந்தால், இந்தக் கடிதம் ஒன்றும் தேவைப்பட்டிருக்காது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உம்மா வட்டிலப்பம் வெட்டித் தந்தார், தட்டை ஒரு பக்கம் தள்ளிவிட்டு இதை எழுதுகிறேன்.

இனித் திட்டக் குழுதான் முடிவு எடுக்கும். பிழையான அறிக்கை போய்விட்டதால் அவர்கள் மறுக்கவும் கூடும். நீ பதினொன்று என்று திருத்தி, நடந்ததை ஒரு கடிதமாக எழுது. இரண்டு நாள் வரவுப் பதிவையும் சேர்த்து வை. அதோடு அன்றைக்கு அந்த ரோடு உடைந்தது என்பதற்கு, அன்றைய திகதியில், பாடசாலைக்கு வெளியே யாராவது எழுதி வைத்த சாட்சி வேண்டும். இப்போது எழுதி வாங்கும் கடிதம் செல்லாது. மே முதல் வாரத்துக்குள் அனுப்பு. பிந்தினால் ஒன்பது மாதம் ஓடிவிடும்.

றம்ஸி


ஓப்பநாயக்க
22.04.2025

றம்ஸி,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு, உன்னைத் திட்டலாம் என்று பேனாவை எடுத்தேன். முதலில் என்னைத் திட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

பதினான்கு எப்படி அவ்வளவு கச்சிதமாக வந்தது என்று கேட்டிருந்தாய். நான் பதில் சொல்லவில்லை. சொல்கிறேன். முதலில் பதினொன்று என்றுதான் பென்சிலால் எழுதினேன். எழுபது வீதத்துக்கு மூன்று குறைகிறது என்று பார்த்தேன். அதற்குப் பிறகுதான் அரைப்பேர் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததும் எனக்குப் பெரிய சந்தோஷம், நியாயமே கிடைத்துவிட்ட மாதிரி. நான் நம்பித்தான் எழுதினேன், றம்ஸி. ஆனால் மூன்று குறையாமல் இருந்திருந்தால் எனக்கு அந்த ஞாபகம் வந்தே இருக்காது. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

சாட்சிக்கு எங்கெங்கோ அலைந்தேன். கிராம சேவகர் அன்றைக்கு மழை என்று எழுதித் தருவார், ஆனால் இன்றைய திகதியில்தான் தருவார். பஸ்காரருக்குத் தேதியே ஞாபகமில்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. ஆறு பிள்ளைகள் கீழே வர முடியாத அன்றைக்கு, மேல் டிவிசனில் மலைக்குப் போன அவர்களுடைய அம்மாமாருக்கு என்ன பேர் போட்டிருப்பார்கள்? இத்தனை நாளும் அரைப்பேர் அரைப்பேர் என்று உன்னோடு சண்டை போட்டேன், அது எழுதியிருக்கிற புத்தகம் எனக்கு ஞாபகம் வரவில்லை.

தோட்டத்துக் கிளாக்கர், "செக்ரோல வெளிய குடுக்க ஏலாதுங்க டீச்சர்" என்று ஒரே பிடியாக நின்றார். நான் திரும்பி வந்துவிட்டேன். தங்கம்மாக்கா விடவில்லை. அடுத்த நாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில், எல்லோரும் கூடையோடு நிற்கும்போது, துரையிடமே கேட்டிருக்கிறார். "அன்னைக்கு ரோடு ஒடைஞ்சதுன்னு எங்களுக்கு அரைப்பேர்தானே போட்டீங்க தொர. அந்தப் பக்கத்த மட்டும் ஒரு கொப்பி எடுத்துக் குடுங்க. எங்க புள்ளைங்களும் அன்னைக்கு அந்த மழையிலதான் நின்னுச்சுங்க" என்றாராம். ஆறு அம்மாமாரும் முன்வரிசையில் நின்றார்களாம். துரை புது ஆள், சிங்களவர், தமிழ் முழுதாக விளங்காது. கணக்கப்பிள்ளை சொல்லிக் கொடுத்ததும், சிரித்துக்கொண்டு தானே கையெழுத்து வைத்துத் தந்திருக்கிறார்.

கொப்பி இதோடு இருக்கிறது. எழுபத்திரண்டு பேர், எழுபத்திரண்டு அரைப்பேர். ஓரத்தில் அன்றைய கையெழுத்தில் "கடும் மழை, மேல் ரோடு உடைவு" என்று இருக்கிறது.

திருத்திய அறிக்கையும் இருக்கிறது. பதினொன்று. சுதாகரன் சேர் ஒப்பம் வைக்கப் பயந்தார், "பிழைய நாமளே காட்டிக் குடுக்கிறதா?" என்று இரண்டு நாள் இழுத்தார். நான் மட்டும் ஒப்பம் வைத்து அனுப்புவேன் என்றதும் பேனாவைக் கேட்டார். நல்ல மனுஷன்தான், கொஞ்சம் பயந்தவர்.

புது வருடத்துக்குச் செய்த முறுக்கு கொஞ்சம் வைக்க நினைத்தேன். தபாலில் மாவாகிவிடும், நீயே வந்து சாப்பிடு.

ஷாமி


இரத்தினபுரி
20.05.2025

ஷாமி,

குழு நேற்றுக் கூடியது. அவசரத்தில் கிறுக்குகிறேன், எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

ஆறு பேருக்கும் இரண்டாம் நாள் உண்டு. ஜூலை பத்தாம் திகதி, உங்கள் பாடசாலையிலேயே, அதே கபூர் சேர். வகுப்பும் நிற்காது. ஆனால் இனி ஒரு வருடத்துக்கு உன் அறிக்கையில் தொகை மட்டும் போதாது, ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயருக்கு நேரே தானே ஒப்பம் வைக்க வேண்டும். உனக்கும் அதிபருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வரும். வாசித்துவிட்டுக் கோப்பில் போடு. ஆசிரியர் அறையில் வாசிக்க வேண்டாம் என்று சேரிடம் சொல்.

எனக்கும் ஒன்று வந்தது. அடுத்த மாதம் முதல் என்னை அறிக்கைப் பிரிவிலிருந்து களஞ்சியத்துக்கு மாற்றுகிறார்கள். அழுதேன், பொய் சொல்லவில்லை. அந்தப் புத்தகத்தை முழுதாக வாசித்த ஒரே ஆளைத்தான் அங்கிருந்து எடுக்கிறார்கள். ஆனாலும் போகட்டும். வயர் ரோல் எண்ணுவதில் யாரையும் தெரிந்தவள், தெரியாதவள் என்று பார்க்க வேண்டியதில்லை.

செக்ரோல் கொப்பி குழுவில் கை மாறி மாறிப் போனது. குழு உறுப்பினரான ஒரு அம்மா, எல்லோருக்கும் ஏன் அரை அரையாகப் போட்டிருக்கிறது என்று கேட்டார். நான் எழுந்து சிங்களத்தில் விளக்கினேன், நீ எனக்கு எழுதியதை அப்படியே. சும்மா இருந்தவருக்கு ஒன்றும் இல்லை, மழையோடு திரும்பியவருக்கு அரை என்று. பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போகும்போது, படிவத்தை மாற்றி ஒரு மாதிரி செய்து தரச் சொன்னார். இப்போது அதில் இரண்டு பெட்டி. முதலாவது "சான்றிதழ் பெற்றோர்". இரண்டாவது "ஒரு பகுதி முடித்து மீதி எழுதவுள்ளோர்". இரண்டையும் கூட்டக் கூடாது என்று கீழே நானே ஒரு வரி சேர்த்தேன். யாரை நினைத்துச் சேர்த்தேன் என்று உனக்கே தெரியும்.

பிள்ளைகளை அன்றைக்குக் கீழே கொண்டு வந்துவிடு. ஜூலையிலும் மழைதான். இன்னொரு தடவை கேட்க என்னால் முடியாது.

றம்ஸி


ஓப்பநாயக்க
14.07.2025

அன்புள்ள களஞ்சியப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

கோபிக்காதே, சும்மா சீண்டினேன். போனில் சொல்லியிருக்கலாம். மூன்று தடவை எடுத்தாய், நான்தான் தூக்கவில்லை. இதை எழுதித்தான் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

மழை பெய்தது. ஒன்பதாம் திகதி காலையிலேயே வானம் கறுத்ததும் நான் மேல் டிவிசனுக்குச் சொல்லி அனுப்பினேன். அன்றைக்கே அங்கே இருந்த ஐந்து பேரும் இறங்கி வந்துவிட்டார்கள். தங்கியது பாடசாலைக்குப் பக்கத்து லயத்துச் சொந்தக்காரர் வீடுகளில். அஜந்தன் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு வேலைக்குப் போயிருந்தான். ஒரு நாள் லீவு கேட்க, முதலாளி இரண்டு நாள் சம்பளத்தை வெட்டினாராம். அவனும் நேரே வந்துவிட்டான்.

கபூர் சேர் ஆளுக்கு ஒரு பலகை கொடுத்து, பியூஸ் பெட்டியிலிருந்து மூன்று பல்புக்கும் ஒரு ப்ளக்குக்கும் வயர் இழுக்கச் சொன்னார். யோகப்பிரியாவின் கையெல்லாம் கொழுந்துக் கறை. "இந்தக் கையால ஸ்க்ரூ புடிக்குமாம்மா?" என்று கேட்டார் சேர். "புடிச்சுக் காட்டுறேன் சேர்" என்று மட்டும் சொன்னாள். பதினொரு மணிக்கு அவள் பலகையில் முதல் பல்ப் எரிந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன், உள்ளே போக எனக்கு அனுமதி இல்லை.

ஐந்து பேர் தேறினார்கள். அஜந்தன் எர்த் வயரை இணைக்க மறந்துவிட்டான். போன நவம்பரில் தேறாத மூன்று பேரைப் போல இரண்டாம் நாள் முழுவதையும் விடவில்லை, அவனுக்கு அந்த ஒரு பகுதி மட்டும் மீதி, டிசம்பரில் எழுதலாம் என்றார் சேர். ஆகவே என் புதிய அறிக்கையில் முதல் பெட்டியில் பதினாறு, இரண்டாம் பெட்டியில் ஒன்று. கூட்டவில்லை. பதினாறு பேரும் தங்கள் பெயருக்கு நேரே தாங்களே ஒப்பம் வைத்திருக்கிறார்கள், அஜந்தன் இரண்டாம் பெட்டிக்கு நேரே வைத்துவிட்டு, "டிசம்பர்ல மேல வந்துருவேன் டீச்சர்" என்றான். பெல்மதுளைக்காரரிடம் யோகப்பிரியா அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போகிறாள்.

இன்னொன்று. பரீட்சை முடியும் மட்டும் தங்கம்மாக்கா கேட்டுக்குப் பக்கத்தில் குடையோடு நின்றார். மகளோடு முதல் நாளே இறங்கி வந்தவர், இரண்டு நாளும் மலைக்குப் போகவில்லை. உள்ளே வந்து உட்காருங்கள் என்றால் கேட்கவில்லை. கபூர் சேர் தேறியவர்கள் பெயரை வாசித்ததும் நான் ஓடிப் போய்ச் சொன்னேன். அவர் குடையை மடக்கினார், திரும்ப விரித்தார். அக்கா, உங்களுக்கு ரெண்டு நாள் சம்பளம் போச்சே என்றேன்.

"எனக்கு ரெண்டு நாளும் பேர் இல்லதான் டீச்சர்" என்றார். "அது கெடக்கட்டும். எம்புள்ளைக்கு முழுப்பேர் போட்டாச்சு இல்ல?"

போட்டாச்சு அக்கா என்றேன். அதை உனக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதினேன், றம்ஸி.

உன் ஷாமி